தம்பிக்குக் காட்டிய முகம்

மெல்பேர்ணின் ரோவிலில் எங்கள் வீட்டுக் குசினியில் வெளிச்சம் நன்றாக விழும் இடம் ஒன்றுதான், சிங்குக்கு மேலே இருக்கும் ஜன்னல். அந்த ஜன்னலைப் பார்த்தபடி நின்று, ஒரு கையில் போனையும் மற்றக் கையில் என் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டையும் பிடித்துக்கொண்டு, தலையை இடப்பக்கம் திருப்பினேன். பிறகு வலப்பக்கம். கண்ணாடியைக் கழற்றச் சொன்னது, கழற்றினேன். சிரிக்க வேண்டாம் என்றது. எனக்கோ சிரிப்பு அடக்க முடியவில்லை, அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. கடைசியில் பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம் வந்தது. எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் இருக்காது. என் தம்பியின் வீடு உடைந்தது அந்த இரண்டு நிமிடத்தில்தான். அப்போது நான் பருப்பைத்தான் பார்த்தேன்.

தம்பி லண்டனில் இருக்கிறான். என்னைவிட ஏழு வயது இளையவன். அன்று எங்களுக்கு மாலை, அவனுக்குக் காலை. வேலைக்குப் போகும் வழியில் போன் எடுத்தான்.

"அக்கா, ஒரு லிங்க் அனுப்பியிருக்கிறன். அதைத் திறந்து ஒருக்கா முகத்தைக் காட்டுங்கோ. பாஸ்போர்ட்டையும் காட்டவேணும்."

"இப்பவோ? அடுப்பிலை பருப்பு."

"ரெண்டு நிமிசம்தான் அக்கா. லொக்கேஷன் கேட்டா வேண்டாம் எண்டு அமத்துங்கோ."

"சரி, வை."

இதுதான் முழு உரையாடலும். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அடுத்த நாள் வேலை முடிந்து கார் பார்க்கில் நிற்கும்போது மறுபடி எடுத்தான். இப்ப உங்கடை போனுக்கு ஆறு இலக்கம் வரும், சொல்லுங்கோ என்றான். வந்தது. ஒவ்வொன்றாக வாசித்தேன், அவன் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னான். அதற்கும் நான் எதற்கு என்று கேட்கவில்லை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் முட்டாள்தனம் முழுதாக விளங்காது. நோபல் பார்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் நேர்ஸ். அங்கே ஒரு இத்தாலிய அம்மாவுக்குப் பதினொரு வருடமாக மருந்து கொடுக்கிறேன். அவருடைய பேரப்பிள்ளைகளின் காதல் விவகாரம் வரைக்கும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பனடோல் கொடுப்பதற்கு முன்பு உங்கள் முழுப்பெயர் என்ன, பிறந்த திகதி என்ன என்று கேட்டு, கையில் கட்டியிருக்கும் பட்டியோடு ஒப்பிட்டுத்தான் கொடுப்பேன். "நேற்றும் நான்தானே, இன்றைக்கு வேறு ஆளா?" என்று அவர் தினமும் ஏசுவார். நான் விடமாட்டேன். அப்படிப்பட்டவள், தன் முகத்தையே ஒருவன் கேட்டபோது, இந்தா என்று கொடுத்திருக்கிறேன்.

ஏன் கேட்கவில்லை என்று இந்த ஒரு வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு பதில்தான் வருகிறது. எங்கள் ஆட்களுக்குள் ஒருவர் டொக்கியுமென்ட் கேட்டால் மற்றவர் ஏன் என்று கேட்பதில்லை. தம்பி மன்னாரிலிருந்து கொழும்புக்கு வந்து, அங்கிருந்து லண்டனுக்கு ஏறியது இன்னொருவனுடைய பாஸ்போர்ட்டில். நீர்கொழும்பில் ஒரு குடும்பம், எங்களுக்கு உறவு கூட இல்லை, மாதா கோயிலில் கண்டு பழகியவர்கள். அவர்களுடைய மகனுக்கும் தம்பிக்கும் மூக்கும் நெற்றியும் ஒரே வார்ப்பு. அம்மா போய்க் கேட்டிருக்கிறார். அந்த வீட்டு அம்மா உள்ளே போய், பாஸ்போர்ட்டைப் பேப்பரில் சுற்றிக்கொண்டுவந்து கையில் வைத்து, "பிள்ளை போய்ச் சேர்ந்தா அறிவியுங்கோ" என்று மட்டும் சொன்னாராம். தன் மகனுடைய பெயரை, பிறந்த நாளை, முகத்தை, எல்லாவற்றையும் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்த அந்த மனுசியைப் பற்றி அம்மா சாகும்வரை பேசினார். கேள்வி கேட்காமல் கொடுப்பதுதான் அன்பு என்று நான் படித்தது அங்கேதான்.

நான் அப்போது கல்யாணம் முடித்து லண்டனில் இருந்தேன். தம்பி வந்து சேர்ந்தான். அவனுக்கு விசா சரிவரும்வரை அவனுடைய வாழ்க்கை முழுவதும் என் பெயரில்தான் நடந்தது. போன் லைன் என் பெயரில். பணம் போட வங்கிக் கணக்கு என் பெயரில். பிறகு அவனுக்கு எல்லாம் கிடைத்தது, நாங்கள் மெல்பேர்ணுக்கு வந்துவிட்டோம். அந்தப் போன் லைனையும் கணக்கையும் மாற்றுவோம், மாற்றுவோம் என்று சொல்லிச் சொல்லியே வருடங்கள் போய்விட்டன. போன் பில் அவன் வீட்டு விலாசத்துக்கு என் பெயரில் போய்க்கொண்டிருந்தது. நான் இன்னும் லண்டனில் அவனோடு குடியிருப்பது போல.

அதனால் அவன் முகத்தைக் கேட்டபோது எனக்குச் சந்தேகம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோசம்தான் வந்தது. மாதக்கணக்கில் எடுக்காதவன், ஏதோ ஒன்றுக்கு இன்னும் அக்கா தேவைப்படுகிறாளே என்று.

ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்ற முன்பே, மச்சாள் எடுத்தாள். தம்பியின் மனைவி. அதிகம் பேசாதவள்.

"மச்சாள், நீங்கள் ஒன்லைனிலை கசினோ விளையாடுறனீங்களோ?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். இங்கே யாருக்காவது அறுபதாவது பிறந்தநாள் என்றால் ஏதாவது கிளப்பில்தான் சாப்பாடு வைப்பார்கள். சூதாட்ட மெஷின்கள் மினுங்கும் அறையைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவேன், என் கணவர் கேலி செய்வார். கோயில் ரஃபிள் குலுக்கலில் ஒரு டின் பிஸ்கட் விழுந்ததுதான் என் வாழ்நாள் அதிர்ஷ்டம்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. தம்பியின் போனில் ஒரு கசினோ அப் திறந்து கிடந்ததாம். மேலே என் பெயரைப் போட்டு நல்வரவு சொன்னதாம். உள்ளே என் பிறந்த திகதி. என் பழைய வங்கி அட்டை அவன் போனுக்குள் ஏற்றப்பட்டிருந்தது. கடையில் பால் வாங்குவதற்குப் போனைத் தட்டுவது போல, தட்டித் தட்டி விளையாடியிருக்கிறான். அது போதாத நாட்களில் போன் பில்லில் ஏற்றியிருக்கிறான். என் அட்டையை அவன் போனில் ஏற்றத்தான் அந்த ஆறு இலக்கம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அவன்ரை பேரிலை விளையாடாமல் ஏன் என்ரை பேரிலை?" என்று கேட்டேன். கோபம் வந்துவிட்டது. அவனில் அல்ல, அவளில். ஏதோ அவள்தான் என்னை இழுத்துவிட்டது போல.

"அவரின்ரை பேரிலை ஏலாது மச்சாள்," என்றாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். முன்பே இது நடந்திருக்கிறது. கோயிலில் மகளுடைய முதல் நன்மைச் சடங்குக்குச் சேர்த்துவைத்தது போய்விட்டது, பிடிபட்டான், அழுதான். பிறகு அவனாகவே தன் பெயரைத் தடைப் பதிவில் போட்டான். அந்த நாட்டில் அப்படி ஒரு பதிவு இருக்கிறது. ஒருமுறை பெயரைக் கொடுத்துவிட்டால், அனுமதி பெற்ற கசினோ எதுவும் அந்தப் பெயருக்குக் கதவு திறக்காது. அவன் ஐந்து வருடம் போட்டிருக்கிறான். இடையில் மனம் மாறினாலும் எடுக்க முடியாது. "நான் பக்கத்திலை இருந்தனான். பிள்ளையும் இருந்தவள். அண்டைக்கு ஒரு கேக் வாங்கி வெட்டினனாங்கள். எட்டு மாசம் நல்லா இருந்தவர், மச்சாள். நித்திரை கொண்டவர். பிள்ளையோடை நீச்சலுக்குப் போனவர்."

எட்டாம் மாதத்தில்தான் நான் குசினி ஜன்னலில் நின்றேன்.

"எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"சொல்லவேண்டாம் எண்டு சத்தியம் வாங்கினவர். அக்கா என்னைப் பெரிசா நினைச்சுக்கொண்டிருக்கிறா, அதைக் கெடுக்காதை எண்டு."

அவள் என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பேன். "ஏன் எண்டு ஒருக்காக் கேட்டிருக்கலாம், மச்சாள்," என்றாள். அவ்வளவுதான். அந்த வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு தன் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

என்னிடம் ஒரு பழைய மின்னஞ்சல் இருந்தது, லண்டன் காலத்தது. அதைத்தான் அவன் கொடுத்திருந்தான். என் கணவர் கடவுச்சொல்லைத் தேடி எடுத்துத் திறந்து தந்தார். என் பெயருக்கு இத்தனை கடிதம் வாழ்க்கையில் வந்ததில்லை. இலவசமாக இருபது தடவை சுழற்றலாம், இன்று உங்கள் அதிர்ஷ்ட நாள், உங்களைக் காணவில்லையே. என் பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து, கேக் படத்தோடு. அந்த வருடம் தம்பி என் பிறந்தநாளை மறந்திருந்தான், நானும் அவனுக்கு வேலை கூட என்று மனதைச் சமாளித்திருந்தேன். என் பிறந்த திகதியை அவன் மறக்கவே இல்லை என்பதை அந்தக் கேக் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அன்று மாலை அவனை எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தான். காத்திருந்தான் போல.

"பூட்டின கதவை ஏன்ரா திறந்தனீ?" என்று கத்தினேன்.

"ஏலாமப் போச்சு அக்கா."

"என்ரை முகத்தை வைச்சோ?"

பின்னால் பஸ் ஒன்று போகும் சத்தம் கேட்டது. "நீங்கள் எதுக்கு எண்டு கேப்பீங்கள் எண்டு நினைச்சனான்," என்றான்.

"கேட்டா உண்மையைச் சொல்லியிருப்பியோ?"

"இல்லை. பொய்தான் சொல்லியிருப்பன்." மூக்கை உறிஞ்சினான். "ஆனா கேட்டிருந்தா, போனை வைச்சிட்டுக் கொஞ்சம் யோசிச்சிருப்பன்."

நான் அவனை விசரன் என்றேன், அம்மா இல்லாதது நல்லது என்றேன், இன்னும் சொல்லக்கூடாததெல்லாம் சொன்னேன். அவன் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தான். அதன்பிறகு அவன் என் அழைப்பை எடுப்பதில்லை. ஏதோ ஒரு கடைக்கு மேலே ஒரு அறையில் இருக்கிறான் என்று மச்சாள்தான் சொன்னாள்.

கணக்கை மூடுவதற்கு அந்தக் கசினோவுக்கு எழுதினேன். நான்தான் நான் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். மறுபடி ஒரு லிங்க். அதே ஜன்னல், அதே பாஸ்போர்ட், இடம், வலம், கண்ணாடி இல்லாமல். இம்முறை சிரிக்க வேண்டாம் என்று எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. கண்ணீர் நிற்காததால் இரண்டு தரம் சரிவரவில்லை, முகத்தைக் கழுவிவிட்டு வந்து மூன்றாம் தரம்தான் பச்சை அடையாளம் வந்தது. பிறகு என் பெயரையும் அந்தத் தடைப் பதிவில் கொடுத்தேன், ஐந்து வருடம். மெஷினைக் கண்டால் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் இப்போது பிரிட்டனின் சூதாட்டத் தடைப் பதிவில் இருக்கிறாள். அக்காவும் தம்பியும் ஒன்றாகப் பெயர் கொடுத்திருக்கும் இடம் இப்போது அது ஒன்றுதான்.

என் பெயரில் இருந்த பதிவுகள் எல்லாவற்றையும் தரும்படி கேட்டிருந்தேன், அதற்கு எனக்கு உரிமை இருக்கிறதாம். ஒரு மாதம் கழித்து அனுப்பினார்கள். பெரும்பாலும் எனக்கு விளங்காத வரிசைகள். கடைசியில் ஒரு சட் இருந்தது, எழுத்திலேயே நடந்த உரையாடல். கசினோவில் வேலை செய்யும் யாரோ ஒருவர், விதிப்படி கேட்கவேண்டியதைக் கேட்டிருக்கிறார். இந்த வாரம் வழமையைவிட அதிக நேரம் விளையாடியிருக்கிறீர்கள், உங்களுக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று. என் பெயரில் பதில்: இருக்கிறது, நன்றி. உங்களோடு மனம்விட்டுப் பேச யாராவது இருக்கிறார்களா என்று அடுத்த கேள்வி.

அதற்கும் பதிலுக்கும் இடையில் நான்கு நிமிடம். நேரம் பக்கத்திலேயே போட்டிருந்தது.

பிறகு, என் பெயருக்கு நேரே, ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். எனக்கு ஒரு அக்கா இருக்கிறார், அவுஸ்திரேலியாவில். அவர் ஒன்றும் கேட்கமாட்டார்.

எங்கள் வீட்டில் நான்தான் மூத்தவள். எனக்கு அக்கா இல்லை.

இப்போது தினமும் வேலையால் வந்து, உடுப்பு மாற்றாமல், குசினிக் கதிரையில் இருந்து அவனை எடுக்கிறேன். எட்டுத் தரம் அடிக்கும். பிறகு தகவலை விடச் சொல்லும். அந்தப் போன் லைன் இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது, அதை வாங்கிய புதிதில் நான் பதிந்துவைத்த வார்த்தைகளை அவன் இத்தனை வருடமும் மாற்றவில்லை. இளமைக் குரலில், லண்டனுக்குப் பழகிய ஆங்கிலத்தில், இப்போது பேச முடியாமல் இருக்கிறேன் என்று நானே எனக்குச் சொல்கிறேன். பீப் சத்தம் வந்ததும் கேட்கிறேன்.

"தம்பி, சாப்பிட்டியே? எங்கை இருக்கிறாய்? எதுக்கடா அண்டைக்கு என்ரை முகத்தைக் கேட்டனீ?"