வரிசையில் வராத தோட்டா

எங்கள் பஸ் பணிமனையில் செப்டம்பர் பிறந்தால் யாரும் பஸ்ஸைப் பற்றிக் கதைப்பதில்லை. சாப்பாட்டு மேசையில் எல்க் வேட்டைதான் பேச்சு. எல்க் என்பது குதிரையைவிட உயரமான, முகம் நீண்ட ஒரு மான். எந்த நேரமும் ஏதோ ஒரு கடிதத்துக்குப் பதில் வரவில்லையே என்று யோசிப்பதுபோல நிற்கும். இருபது வருடமாக நான் அந்த மேசையின் கடைசிக் கதிரையில் இருந்து, சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட்டுக்கொண்டு, அவர்கள் சிரிக்கும் இடத்தில் நானும் சிரித்தேன். என்ன பகிடி என்று தெரியாமலே சிரிப்பதில் என்னை வெல்ல ஒஸ்லோவில் ஆளில்லை.

அந்தக் குழுவில் ஒருவர் பேர்கனுக்குக் குடிபெயர்ந்தார். ஒரு இடம் காலியானது. எங்கள் மேற்பார்வையாளர்தான் குழுவுக்கும் தலைவர். அவர் ஒருநாள் பாண் துண்டைக் கடித்துக்கொண்டே, நீ வருகிறாயா என்று என்னைக் கேட்டார். முதல் பருவம் பார்ப்பார்களாம், பிறகு எல்லாரும் சேர்ந்து முடிவு செய்வார்களாம். எனக்குக் குடியுரிமை கிடைத்த நாளில்கூட நெஞ்சு அப்படி அடிக்கவில்லை. கடவுச்சீட்டைத் தந்தது அலுவலகம். இது மேசை. இந்த மேசையில் ஒரு இடம் எனக்கு வேண்டியிருந்தது, வெட்கமில்லாமல் வேண்டியிருந்தது.

வீட்டில் சொன்னபோது மனைவி முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"துவக்குக்குப் பயந்துதானே இஞ்சை ஓடி வந்தனாங்கள். இப்ப நீங்களாத் தேடிப்போய் ஒண்டு வாங்கப் போறீங்களோ?"

அது இராணுவத்தின் துவக்கு, இது வேட்டைத் துவக்கு, இரண்டும் வேறு என்று ஒரு சிறு விரிவுரை ஆற்றினேன். முதல் வேட்டை புரட்டாதிச் சனியில் வருகிறதே, சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கிற நாளில் இறைச்சியா என்றாள். சுடுவது வேறு, சாப்பிடுவது வேறு என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். அந்த ஆறு மாதமும் என்னிடம் எல்லாவற்றுக்கும் விளக்கம் இருந்தது.

வேட்டைப் பாடநெறி, சோதனை, பொலிஸ் அனுமதி எல்லாம் முடிந்தது. இனி எந்தத் துவக்கு என்பதுதான் கேள்வி. என்னைப்போன்ற பஸ் மெக்கானிக் ஒருவனிடம் இப்படியொரு கேள்வியைக் கொடுக்கவே கூடாது. வேட்டைக்காரர் இங்கே பெரும்பாலும் கையால் இயக்கும் துவக்குத்தான் வைத்திருக்கிறார்கள். கதவுத் தாழ்ப்பாளைப்போல ஒரு போல்ட். பிடியை மேலே தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்கினால் பூட்டு விழும். இவ்வளவுதான். ஆனால் இந்த இவ்வளவுக்குள் இரண்டு சமயங்கள் இருக்கின்றன. எங்கள் கோயில் நிர்வாக சபைக் கூட்டத்தில்கூட நான் அப்படியொரு பிளவைக் கண்டதில்லை.

புதிய சமயத்தின் போல்ட், தோட்டாவைப் பின்னால் இருந்து சும்மா தள்ளும். கடைசி நேரத்தில்தான் பிடிக்கும். செய்வது சுலபம், ஓட்டம் வழவழப்பு, எப்படிப் போட்டாலும் ஏற்றுக்கொள்ளும். பழைய சமயம் ஜெர்மன்காரருடையது, நூறு வருடத்துக்கு மேல் வயது. அதில் போல்ட்டின் பக்கவாட்டில் நீளமாக ஒரு உருக்கு நகம். தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மகசீனில் இருந்து தோட்டா மேலே எழும்பும்போதே அதன் விளிம்பு இந்த நகத்துக்குள் வழுக்கிப் போய் உட்கார்ந்துவிடும். பிறகு சுட்டு முடித்து வெளியே எறியும்வரை பிடி விடாது. துவக்கைத் தலைகீழாகப் பிடித்தாலும் தோட்டா விழாது. அவசரத்தில் பாதி இழுத்துப் பாதி தள்ளினாலும் இரண்டு தோட்டா முட்டிச் சிக்காது. மூன்று நிலைப் பாதுகாப்புப் பூட்டு வேறு. நடு நிலையில் வைத்தால் சுட முடியாது, ஆனால் போல்ட்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுக்கலாம்.

நான் பழைய சமயத்தில் சேர்ந்தேன். சேர்ந்ததோடு நிற்காமல் பிரசங்கமும் செய்தேன். ஒஸ்லோவின் புருசெத்தில் என் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்த சிநேகிதர்களைத் துவக்கு வைக்கும் இரும்பலுமாரிக்கு முன்னால் வரிசையாக இருத்தி, மருந்தில்லாத போலித் தோட்டாவை வைத்து நகம் பிடிக்கும் அழகைக் காட்டினேன். மகசீன் வழியாக வராமல், கையால் நேரே குழலடி அறைக்குள் போட்ட தோட்டாவை இது ஏற்காது என்பதையும் பெருமையாகவே சொன்னேன். போல்ட் பூட்டவே பூட்டாது. நகம் விளிம்பில் முட்டி நின்றுவிடும். இதுவும் நோர்வே அலுவலகம் மாதிரித்தான், வரிசைச் சீட்டு எடுக்காமல் வருகிறவனை உள்ளே விடாது என்றேன். சிநேகிதர்கள் ஓம் ஓம் என்றார்கள். ஒருவர் மட்டும் டிவியைப் போடச் சொன்னார்.

பணிமனையிலும் இதே பிரசங்கம்தான். மேற்பார்வையாளர் தள்ளும் சமயத்தவர். அவருக்கு என் நகத்தைப் பற்றி அந்த வசந்தம் முழுவதும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நோர்வேக்காரர் பொறுமையாகக் கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கியதில்லை. வருடாந்தச் சுடும் தேர்வில் மகசீனை நிரப்பி ஐந்து குண்டையும் இலக்கில் போட்டேன். மேசையில் கைதட்டினார்கள். பாதி இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

புரட்டாதிச் சனிக்கிழமை விடியக் காட்டுக்குப் போனோம். கலைப்பவர்கள் என்று சிலர் துவக்கில்லாமல் புதர்களுக்குள் சத்தம்போட்டுக்கொண்டு வருவார்கள். எல்க் அவர்களுக்கு விலகி ஓடும். ஓடும் பாதைகளில் துவக்கோடு நாங்கள் ஒவ்வொருவராகக் காத்திருக்க வேண்டும். என்னை ஒரு ஒற்றையடிப் பாதைக்குப் பக்கத்தில், பற்றை மறைவில் ஒரு கட்டையில் இருத்திவிட்டுப் போனார்கள். ஏதும் கண்டால் ரேடியோவில் சொல் என்றார்கள். மகசீனில் மூன்று தோட்டா போட்டுவிட்டு இருந்தேன்.

பத்து நிமிடம் போயிருக்கும். கட்டையில் இருப்புக் கொள்ளவில்லை. குளிர் என்று நினைத்துக் கையுறையைப் போட்டேன். எழும்பி நின்று பார்த்தேன். பிறகு மூன்று தோட்டாவையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, ஜாக்கெட் பையில் போட்டு, ஸிப்பை இழுத்து மூடினேன். அதற்குப் பிறகுதான் மூச்சு ஒழுங்காக வந்தது.

எல்க் வந்தது. இளசு ஒன்று, அறுபது மீற்றரில், என் வாழ்நாளில் எனக்குக் கிடைக்கக்கூடிய மிக லேசான இலக்காக வந்து நின்றது. பையைத் திறந்து, ஒரு தோட்டாவை எடுத்து, பதற்றத்தில் நேரே அறைக்குள் போட்டுப் போல்ட்டைத் தள்ளினேன். பூட்டவில்லை. உள்ளங்கையால் அடித்தேன். நகம் விளிம்பில் முட்டி நின்றது, நான் ஆறு மாதமாகப் புகழ்ந்த அதே இடத்தில், நான் சொன்னபடியே. எல்க் சத்தம் வந்த பக்கம் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் நடந்து போய்விட்டது.

நெருப்பு மூட்டிக் கோப்பி குடிக்கும்போது, எல்க்கைத் தவறவிட்டவன் காரணம் சொல்ல வேண்டும் என்பது அந்தக் குழுவின் வழக்கம். நான் எழும்பி நகத்தைப் பற்றித் தொடங்கினேன். கையால் போட்ட தோட்டாவை இந்த வடிவமைப்பு ஏற்காது, ஏனென்றால் என்று இரண்டு நிமிடம் கதைத்திருப்பேன். மேற்பார்வையாளர் கையைக் காட்டி நிறுத்தினார். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும், நீதான் வசந்தத்தில் இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்றார். மகசீன் ஏன் வெறுமையாக இருந்தது என்று கேட்டார்.

அதற்கு என்னிடம் விளக்கம் இருக்கவில்லை. உள்ளதைத்தான் சொன்னேன், நோர்வேஜிய மொழியில், இலக்கணம் பிழைக்கப் பிழைக்க. பதினேழு வயதில், ஊரில், நான் ஒரு பற்றைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தேன். சற்றுத் தள்ளி, பாதையில் யார் வருகிறார்கள் என்று பார்த்தபடி, நிரப்பிய துவக்கோடு ஒருவன் காத்திருந்தான். இன்றைக்கு அவனுடைய கட்டையில் நான் இருந்தேன். எனக்கு அதில் இருக்க முடியவில்லை.

 ஒருவர் என் கோப்பையில் கோப்பி ஊற்றினார். இடம் போய்விட்டது என்று எனக்கு விளங்கியது. அழுகை வந்தது. அடக்கினேன்.

வீட்டுக்குப் போகப் புறப்படும்போது மேற்பார்வையாளர் என் கார் ஜன்னலுக்குள் குனிந்தார். "வாற சனி துவக்கை விட்டிட்டு வா," என்றார். "நீ கலைக்கிறவங்களோடை."

எங்களுக்குள் பேசி முடிவு செய்துவிட்டோம் என்று சொல்லிவிட்டுத் தன் நாயைக் கூட்டிக்கொண்டு போனார்.

மனைவி சிரித்த சிரிப்பை எழுதத் தேவையில்லை. அடுத்த சனிக்கிழமை மஞ்சள் மேற்சட்டை போட்டுக்கொண்டு காட்டின் ஒரு முனையில் நின்றேன். கலைப்பவன் வாய் ஓயாமல் கத்திக்கொண்டே நடக்க வேண்டும். எல்க் எழும்புவதற்கு மட்டுமல்ல, துவக்கோடு காத்திருப்பவர்களுக்கு அவன் எங்கே வருகிறான் என்று தெரியவும் வேண்டும், அவனைச் சுட்டுவிடக் கூடாது. என்ன கத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. வாயில் தமிழ்தான் வந்தது.

"நான் வாறன்," என்றேன். "இஞ்சை நான்தான் வாறன்."

ரேடியோவில் மேற்பார்வையாளர், இன்னும் சத்தமாக, எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்றார். பற்றைகளை விலக்கிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தியபடி நடந்தேன்.