மஜீத் பாயும் பிரிக்காத சீட் பிளாஸ்டிக்கும்

மஜீத் பாய் போய்விட்டார்.

போன வாரம், துபாய் தேராவில் அவர் தங்கியிருந்த ரூமில், தூக்கத்திலேயே. காலையில் ரூம்மேட் எழுப்பியிருக்கிறார். எழவில்லை. அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்கு... கீழக்கரைக்காரர். துபாய் பழைய கார் மார்க்கெட்டில் புரோக்கர். நான் வேலை பார்க்கும் ஷோரூமுக்கு வண்டி பிடித்துத் தருவது அவர்தான். என் பக்கத்து நாற்காலி.

மார்க்கெட் குரூப்பில் எல்லோரும் "தங்கமான மனிதர்" என்று போடுகிறார்கள். போடுங்கள். நான் போட மாட்டேன்.

நான் சேர்ந்த முதல் நாள்.

"என்ன படிச்சிருக்க?"

"மெக்கானிக்கல் பாய். பாதில நின்னுட்டேன்."

"அப்ப அரை இன்ஜினியர். சம்பளமும் அரைதான், சரியா?"

அதற்குப் பிறகு என் பெயரை அவர் சொன்னதே இல்லை. கஸ்டமர் முன்னாலும் "ஏய் அரை, சாவி எடுத்துட்டு வா" தான்.

வேலை போனவன், விசா கேன்சல் ஆனவன், குடும்பத்தோடு கிளம்புகிறவன்... இவர்கள் வண்டிதான் பாயின் ஸ்பெஷல். ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் வந்தார். ஆபீஸில் வேலை போயிருந்தது.

"இரவு ஃப்ளைட் அண்ணை. மத்தியானத்துக்குள்ள முடிச்சுத் தந்தா நல்லம்."

"சீனி போதுமா தம்பி?"

"போதும். நான் ஃபோன்ல சொன்ன விலை..."

"இன்னொரு டீ சொல்லவா?"

பாய் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த அண்ணன்தான் பேசினார். பேசிப் பேசித் தன் விலையைத் தானே வெட்டிக்கொண்டார். பிறகு பின் சீட்டில் இருந்த குழந்தை சீட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி டாக்ஸிக்கு நின்றார்.

"பாவம் பாய்," என்றேன்.

"பாவமா இருந்தா நீ கொண்டு போய் விடு. பெட்ரோல் உன்னது."

சரி, அவருடைய வண்டிக்கு வருகிறேன். இது சொல்லாமல் முடியாது.

அமெரிக்க V8 பெட்ரோல் இன்ஜின், இரண்டு கதவு மஸில் கார். "இதுதான் கடைசி, இனிமேல் எல்லாம் பேட்டரி" என்று சொல்லி கம்பெனி கொஞ்சமாக மட்டும் விட்ட எடிஷன். டாஷ்போர்டில் நம்பர் அடித்த தகடு. துபாயில் சேர்த்த மொத்தத்தையும் அதில் போட்டார்.

ஓட்டுவதற்கு இல்லை... வைப்பதற்கு. ஓடாத வண்டிக்குத்தான் விலை ஏறும். போர்ட்டிலிருந்து ட்ரக்கில் ஏற்றி வந்து ஷோரூம் உள்ளே ஏசியில் நிறுத்தினார். ஓனர் பெயர் ஏறினால் விலை இறங்கும் என்று ஷோரூம் பெயரிலேயே விட்டார். சீட்டில் கம்பெனி போட்ட பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கவில்லை.

ஒரு ரீல் எடுக்க நான் உள்ளே உட்கார்ந்துவிட்டேன்.

"எறங்குடா. நீ உக்காந்த எடத்துல ஆயிரம் திர்ஹம் கொறஞ்சிருச்சு."

லஞ்ச் நேரத்தில் ஊரிலிருந்து அவர் மனைவி போன் செய்வார். எப்போதும் ஸ்பீக்கர்தான், எங்களுக்கெல்லாம் மனப்பாடம்.

"இந்த நோம்புக்காச்சும் வருவியளா?"

"வண்டி போகட்டும். ஒரேயடியா வந்துர்றேன்."

வண்டியைக் கேட்க ஆள் வராமல் இல்லை. குவைத்திலிருந்து ஒருவர் வந்தார், நல்ல விலை சொன்னார். குடுத்துருங்க பாய், ஊருக்குப் போங்க என்றேன்.

"அமெரிக்கா ஏலத்துல என்ன போகுதுன்னு பாத்தியா? இன்னும் ஏறும். அரைக்கு என்ன தெரியும்."

கொஞ்ச மாதம் கழித்து கம்பெனி சொன்னது... V8 திரும்ப வருகிறதாம். கடைசி என்றது கடைசி இல்லையாம்.

விலை தொப்பென்று விழுந்தது. பாய் ஏலம் பார்ப்பதை நிறுத்தவில்லை. எங்களிடம் காட்டுவதைத்தான் நிறுத்தினார்.

இங்கேயே அடக்கம் செய்தோம், சோனாப்பூர் பக்கத்துக் கபர்ஸ்தானில். மகன் விசிட் விசாவில் வந்தான். என் வயதுதான். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் ரூம் வாசலிலேயே கேட்டார்கள், "வண்டிய என்ன செய்யப் போறீங்க தம்பி?"

அவன் வெள்ளந்தியாக, ஞாயிற்றுக்கிழமை ரிட்டர்ன் டிக்கெட் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டான். மார்க்கெட்டில் சொல்லவே கூடாத ஒரே விஷயம் அதுதான். பாயின் தோஸ்துகள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரும் முன்னால் வந்தவனைவிடக் குறைத்துச் சொன்னார்கள்.

மகன் என்னிடம் வந்தான்.

"வாப்பா ஒரு வெல சொல்லுவாங்க. அதுக்குக் கொறஞ்சு குடுக்கக் கூடாதுன்னு."

"அந்த வெலைக்கு உங்க வாப்பாவே வாங்க மாட்டாரு."

மூஞ்சி சுருங்கிவிட்டது. உண்மையைத்தான் சொன்னேன்.

ஷார்ஜாவில் எனக்குத் தெரிந்த ஓர் அரபிப் பையனைக் கூப்பிட்டேன். இருந்ததில் அவன்தான் அதிகம் கொடுத்தான். அதுவும் மார்க்கெட்டுக்குக் கீழேதான்... ஆனால் முழுசும் ரொக்கமாகக் கைக்கு வந்தது.

பணம் கொடுத்த கையோடு அவன் செய்த முதல் வேலை, சாவியால் சீட் பிளாஸ்டிக்கைக் கிழித்து வெளியே வீசியது. மகன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அத ஏன் வாப்பா பிரிக்கல?"

"வெல கொறையும்ல."

அரபிப் பையன் ஸ்டார்ட் செய்தான். ஷோரூம் கண்ணாடி எல்லாம் அதிர்ந்தது. டயர் கிறீச்சிட மெயின் ரோட்டுக்குப் போனான்.

மகன் ஊருக்குப் போன் போட்டு என்ன வந்தது என்று சொன்னான். ஸ்பீக்கரில்தான். இவனுக்கும் அந்தப் பழக்கம்.

அந்தப் பக்கம் அந்த அம்மா கேட்டார்கள்.

"இதுக்காகவா அவுக வரல?"

மகன் என்னைப் பார்த்தான். நான் கேட்டைப் பூட்டப் போய்விட்டேன்.

போயிட்டு வாங்க பாய். உங்க அரை.