படகில் போனது பொம்மை இல்லை

மஞ்சள் துண்டை விலக்கிக் கன்னத்தைத் தொட்டேன். ரப்பர். அப்படியென்றால் படகில் போவது பிள்ளை.

தனுஷ்கோடியில் பெண்கடல் பக்கம், அதாவது அலை அதிகமில்லாத கரையில், ஷூட்டிங். நான் மூணாங்கிளாஸ் தாண்டாதவன். ஆனால் ராமநாதபுரம் சீமைக்கு எந்த யூனிட் வந்தாலும் வேன், படகு, சாப்பாடு, துணை நடிகர் எல்லாம் என் கை வழியாகத்தான். டிகிரி படித்தவர்களே என்னிடம் வேலை பார்த்தார்கள். சும்மா சொல்லவில்லை.

இது காமெடிப் படம். கல்யாணம் ஆகாத ஒருத்தன் தலையில் கைக்குழந்தை வந்து விடிகிறது. வளர்க்கத் தெரியாமல் முழிக்கிறான். அன்றைக்கு எடுத்தது அவன் காணும் கனவு: துடுப்புப் போடும்போது குழந்தை கை நழுவிக் கடலில் விழ வேண்டும். குளோசப்புக்கு நிஜப் பிள்ளை, தண்ணீரில் போடப் பொம்மை. கனம் தெரியட்டும் என்று ஆர்ட் டிபார்ட்மெண்ட்காரர்கள் பொம்மை வயிற்றில் மணல் அடைத்திருந்தார்கள். இரண்டுக்கும் ஒரே மாதிரி துண்டு.

பிள்ளை, திருவாடானைப் பக்கம் வயல் வேலை பார்க்கும் முத்துமாரியுடையது. நாலு மாசம். என்னை நம்பி வந்த பொண்ணு.

"அம்மா முகம் தெரிஞ்சா குழந்தை திரும்பிடுது. அவங்களைக் கொஞ்சம் மறைவா உட்கார வைங்கண்ணே" என்றார் அசிஸ்டெண்ட் டைரக்டர். தொழிலில் அது வழக்கம்தான். வேனுக்குப் பின்னால் சாப்பிட அனுப்பினேன்.

குளோசப் முடிந்தது. தூங்கிப்போன பிள்ளையைக் குடையடியில், பொம்மைக்குப் பக்கத்தில் கிடத்தி, வெயிலுக்கு முகத்தை மூடினேன். பொம்மையைக் கேட்டார்கள். அசிஸ்டெண்ட் குனிந்தார். "தள்ளுங்க தம்பி, நாம பார்க்காத வேலையா" என்று நானே ஒன்றைத் தூக்கிப்போய்ப் படகுப் பலகையில் வைத்தேன். படகைத் தள்ளிவிட்டார்கள்.

பிள்ளை முழித்துவிட்டதா என்று திரும்பிவந்து துண்டை விலக்கினேன். இப்போது ரப்பர் கன்னத்தில் என் விரல். மைக்கில் "ரோலிங்" என்கிறார்கள்.

"ஏலே நிறுத்துங்கலே! அது பிள்ளைலே!"

எதிர்க்காற்றிலும் மைக் சத்தத்திலும் என் குரல் யாருக்கும் எட்டவில்லை. நீச்சல் தெரியாது. அப்படியே இறங்கி ஓடினேன். முழங்கால், இடுப்பு, நெஞ்சு.

"யாருங்க ஃபிரேம்ல? அண்ணே, வெளிய போங்க!" மைக்கில் டைரக்டர் கத்துகிறார்.

ஹீரோ ஒரு கையில் துண்டோடு பிள்ளையைத் தூக்கித் தண்ணீர்ப் பக்கம் நீட்டிவிட்டார். என் வாய்க்குள் உப்புத் தண்ணீர். கூப்பிடக்கூட முடியவில்லை.

நீட்டிய கை அப்படியே நின்றது. மெதுவாக உள்ளே இழுத்தார். இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு படகில் உட்கார்ந்துவிட்டார்.

"நழுவணும் சார்! கை நழுவணும்!"

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். தத்தளித்துப் போய்ப் படகின் விளிம்பைப் பிடித்தேன்.

"அண்ணே, இது சுடுதுண்ணே" என்றார். பிள்ளை மூத்திரம் பெய்து அவர் சட்டை நனைந்திருந்தது. கையை நீட்டினேன், தரவில்லை. கரைக்கு வந்து, ஓடி வந்த தாயிடம்தான் கொடுத்தார்.

முத்துமாரி கையில் இன்னும் சோற்றுப் பருக்கை. பிள்ளையின் தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தாள். மறைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நின்றேன்.

"தூக்கும்போதே தெரியலயாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

நாலு பிள்ளை பெத்தவன் நான். தொழில், தொழில் என்று ஓடியதில் ஒன்றைக்கூடத் தோளில் போட்டுத் தூங்கவைத்ததில்லை. மணல் மூட்டைக்கும் பிள்ளைக்கும் என் கைக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். பெத்தவளை மறைவில் உட்கார வைக்காதீர்கள்; ஷாட் கெட்டால் கெட்டுப்போகட்டும். அப்புறம், ஒரு பிள்ளையையாவது தூக்கிப் பழகிவிட்டு வாருங்கள். நான் அறுபது வயசுக்கு மேலே, பேத்தியைத் தூக்கித்தான் பழகினேன்.