விரலை நீட்டி, வாயால் சொல்லி

ஜப்பானில் இருந்த நான்கு வருடமும் நான் யார் தயவையும் எதிர்பார்த்ததில்லை. வீட்டிலிருந்து ஏழு நிமிட நடையில் ஒரு குட்டி ரயில்வே ஸ்டேஷன். இரண்டு பிளாட்ஃபாரம், ஒரு கேட், ஒரே ஓர் ஊழியர். கடைக்கும் வேலைக்கும் தனியாகப் போவேன், தனியாக வருவேன்.

அந்த ஊழியர் ஒவ்வொரு ரயில் கிளம்பும்போதும் வெள்ளைக் கையுறை போட்ட விரலை சிக்னலை நோக்கி நீட்டி, "யோஷி!" என்று உரக்கச் சொல்வார். சரி என்று அர்த்தம். பிளாட்ஃபாரத்தில் ஈ காக்கா இல்லாவிட்டாலும் சொல்வார். முதலில் சிரித்தேன். போகப் போகத்தான் புரிந்தது: பழகிய கண் பார்க்காததையும் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். விரலை நீட்டி வாயால் சொன்னால் அந்த ஏமாற்று நடக்காது.

டெக்சஸுக்கு வந்து ரிச்சர்ட்சனில் குடியேறியதும் என் கால் இரண்டும் போன மாதிரி ஆயிற்று. கார் இல்லாமல் ஒரு கேலன் பால்கூட வாங்க முடியாது. காத்துக் காத்து வொர்க் பெர்மிட் வந்தது. குழந்தைகள் டேகேர் ஒன்றில் வேலையும் கிடைத்தது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து காலை ஆறரைக்குப் போய்க் கதவைத் திறக்க வேண்டும், அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. நானோ டிரைவிங் டெஸ்டில் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தேன். இரண்டு முறையும் ஒரே தப்பு. இங்கே வண்டி ஓடுவது சாலையின் வலப்பக்கம்; இடது பக்கம் திரும்பும்போது நம்மூர், ஜப்பான் பழக்கத்தில் எதிர் லேனுக்குள் போய்விட்டேன்.

"ஆறரைக்கெல்லாம் என்னால டிராப் பண்ண முடியாது. விட்டுடேன், வீட்ல நிம்மதியா இரேன்" என்றார் கணவர்.

"நிம்மதி உங்களுக்கு. எனக்கில்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று சாயங்காலமே அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, காலி பார்க்கிங் லாட்டில் காரை நிறுத்தி, விரலை நீட்டினேன். "இடது பக்கம், யாருமில்ல. வலது பக்கம், யாருமில்ல. மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம் என் லேன். சரி!"

"ஐயோ, கைய கீழ போடு! டெஸ்ட்ல இப்படிப் பண்ணா கிறுக்குன்னு எழுதிடுவாங்க."

"எழுதட்டும்!"

வெள்ளிக்கிழமை மூன்றாவது டெஸ்ட். ஒவ்வொரு ஸ்டாப் சைனிலும் நின்று, விரலை நீட்டிச் சொன்னேன். பக்கத்தில் இருந்த அதிகாரி அம்மாள், யாரிடம் பேசுகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், இப்படித்தான் ஓட்டுவேன் என்றேன். பாழாய்ப்போன இடது திருப்பம் வந்தது. காட்டினேன், சொன்னேன், திரும்பினேன். என் லேனில்தான் இருந்தேன். பாஸ்!

வெளியே வந்ததும் கணவர் வழக்கம்போல சாவிக்குக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"அந்தப் பக்கம் ஏறுங்க."

ஏறினார். "ஆளுங்க பாக்கறாங்க, கைய நீட்டாத" என்று முணுமுணுத்தார். நன்றாகவே நீட்டினேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டியைக் கிளப்பும் முன் பக்கத்து சீட்டையும் விரலால் காட்டினேன்.

"யாருமில்ல. சரி!"