சொட்டக்காவின் இரண்டாவது டப்பா

சிறுபிள்ளைகளைப் பார்த்தால் எல்லோரும் முதலில் பேரைக் கேட்பார்கள். என் ஓரகத்தி கேட்க மாட்டார். "எங்கே, ஒத்தக்கால்ல நில்லு பார்ப்போம்" என்பார். பிள்ளை நின்றதும், "இப்ப அந்தக் கால்" என்பார். கல்யாண வீடானாலும் சரி, மருந்துக்கடை வரிசையானாலும் சரி, பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாத பிள்ளையானாலும் சரி, இதே பேச்சுதான். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒருமுறைகூட அவர் இரண்டாவது காலை மறந்ததில்லை.

என் கணவருடைய அண்ணன் மனைவி அவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஊர் சொட்டக்கா என்று கூப்பிடும். வீடு வீடாகப் போய்ப் போலியோ சொட்டு மருந்து போடுகிறவர் என்பதால் வந்த பட்டம். முதலில் கேலியாகத்தான் வைத்தார்கள். இப்போது அவருடைய சொந்தப் பேர் வாக்காளர் அட்டையைத் தவிர வேறெங்கும் இல்லை.

அவருடைய முதல் தொழில் துணி தேய்ப்பது. மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, அதன்மேல் நாலாக மடித்த பழைய கம்பளி, ஓரத்தில் தண்ணீர்க் கிண்ணம். வீடு வீடாகப் போய்த் துணி வாங்கி வருவார். எந்த வீட்டில் புதிதாகக் குழந்தை பிறந்திருக்கிறது, எந்த வீட்டுக்கு மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்பதெல்லாம் துணி மூட்டையிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். சுகாதார நிலையத்தில் சொட்டு மருந்து நாளுக்கு ஆள் தேடியபோது, அவரிடம் துணி தேய்க்கக் கொடுக்கும் நர்ஸம்மா, "நீயே வந்துடேன், உனக்குத் தெரியாத வாசலா?" என்று கூப்பிட்டார். போனவர் போனவர்தான்.

"எங்க வீட்ல சின்னக் குழந்தையே கிடையாதும்மா" என்று கதவைச் சாத்தப் போகிறவர்களிடம் அக்கா துணி காயும் கொடியைக் காட்டுவார். "அப்ப அந்தக் குட்டிச் சட்டை உங்க வீட்டுக்காரரோடதா?" பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். சிரித்துவிட்டால் கதவு திறந்த மாதிரிதான். சிரிக்காத வீட்டுக்கு மறுநாளும் போவார். அதற்கடுத்த நாளும் போவார். ஒரு வீட்டில் ஓர் அம்மாள், "ரெண்டு சொட்டையும் உங்க நாக்குல விட்டுக்கங்க, கொஞ்சம் இனிப்பாப் பேச வரும்" என்றார். அக்கா கோபப்படவில்லை. "எனக்கு வயசு தாண்டிடுச்சும்மா, உங்க பேரனைக் கூப்பிடுங்க" என்றார். பேரன் வந்தான்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் எழாது. அக்கா என்னையும் கூட்டிக்கொண்டபோது அதற்கேற்ற வேலையாகப் பார்த்துத் தந்தார். மருந்து விழுங்கிய பிள்ளையின் இடது சுண்டுவிரல் நகத்தில் மை வைப்பது என் வேலை. அதற்குப் பேச்சு தேவையில்லை.

மருந்து போடுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, தேடுவது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பிள்ளைக்குத் திடீரென்று காலோ கையோ துவண்டு போனால் சுகாதார நிலையத்துக்குச் சொல்லியாக வேண்டும். அது போலியோவாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல முடியாது. கால் விழுந்து இரண்டு வாரத்துக்குள், ஒரு நாள் இடைவெளி விட்டு, அந்தப் பிள்ளையின் மலத்தை இரண்டு டப்பாவில் எடுத்து, ஐஸ்பெட்டியில் வைத்துப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அக்கா மருந்துக்கடைக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். "கால் இழுத்துக்கிட்டு ஒரு பிள்ளை வந்தா எனக்கு ஒரு போன் போட்டுடுங்க. ராத்திரி பகல் பார்க்க வேண்டாம்."

அவருடைய கணவருக்கு, அதாவது என் மூத்தாருக்கு, இதில் தீராத வருத்தம். "அவனவன் பெண்டாட்டி வெளியே போனா பூ வாங்கிட்டு வர்றா. இவ எதை வாங்கிட்டு வர்றான்னு வெளியே சொல்ல முடியுதா?" என்பார். அக்கா இஸ்திரிப் பெட்டியிலிருந்து தலை நிமிராமல், "நீங்க பூ வாங்கித் தந்தா நான் ஏன் அதை வாங்கப் போறேன்?" என்பார்.

அப்படித்தான் ஒருநாள் மருந்துக்கடையிலிருந்து போன் வந்தது. தன் பெண்ணின் காய்ச்சலுக்கு மருந்து வாங்கிப் போன பின்தெரு வெல்டர், சில நாள் கழித்து வந்து காலுக்குத் தைலம் கேட்டாராம். அக்கா தேய்த்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினார். நான் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுப் பின்னால் போனேன்.

வெல்டர் வீட்டில் கட்டிலில் நாலு வயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா, மடியில் கைக்குழந்தையோடு. அக்கா வழக்கம் போலக் கேட்டார். பெண் உற்சாகமாக இறங்கி இடது காலில் நின்றாள். வலது காலுக்கு மாறியதும் நனைந்த துணி மாதிரி மடங்கி அக்காவின் கையில் விழுந்தாள்.

"ஒவ்வொரு தடவையும் சொட்டு போட்டோமே. நீங்கதானே போட்டீங்க" என்றார் வெல்டர்.

"நான்தான் போட்டேன். இது போலியோன்னு நான் சொல்லலை தம்பி. இல்லைன்னும் சொல்லலை. சொல்ல வேண்டியது பரிசோதனைக்கூடம்."

சுகாதார நிலையத்து டாக்டரம்மா அன்றே வந்தார். காலைத் தூக்கிப் பார்த்தார், முழங்காலைத் தட்டிப் பார்த்தார், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். காலை யாரும் அழுத்தி உருவக் கூடாது, ஊசி போடக் கூடாது என்றார். பெண்ணுக்கு மலச்சிக்கல் வேறு. முதல் டப்பாவுக்குக் கட்டைவிரல் நுனி அளவு இரண்டு துண்டு கிடைப்பதற்குள் அன்று பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் இன்னொன்று வேண்டும்.

அதற்குள் வெல்டரின் அண்ணன் போன் செய்துவிட்டார். அவர் ஊரில் எலும்பு வைத்தியர் ஒருவர் இருக்கிறார், கைராசிக்காரர், நாளைக்கே கூட்டி வா, ஒரு மாதம் தங்கி வைத்தியம் பார்க்கலாம் என்று. ஆஸ்பத்திரி வேண்டாம், பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம் என்று வெல்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். அவர்கள் பஸ் ஏறிவிட்டால் இரண்டாவது டப்பா கிடையாது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு போலியோ இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

மறுநாள் காலையில் நாங்கள் போனபோது வாசலில் பைகளைக் கட்டி வைத்திருந்தார்கள். பெண்ணின் அம்மா டப்பாவைத் தயாராக எடுத்து வந்து நீட்டினாள். அக்காவின் முகம் மலர்ந்தது. மூடியைத் திறந்து பார்த்தார். மலர்ந்தது அப்படியே நின்றுவிட்டது.

"இது யாரோடது?"

"பாப்பாவோடதுதான் அக்கா."

"தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைக்குத்தாம்மா இப்படி மஞ்சளா, தயிர் மாதிரிப் போகும். நானும் ரெண்டு பெத்தவ."

அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "விடியறதுக்கு முன்னாலேர்ந்து உட்கார வச்சேன். அவளுக்கு வரவே இல்லை. நீங்க இவ்வளவு அலையுறீங்க, வெறுங்கையோட திரும்பக் கூடாதேன்னுதான் சின்னவனோடதை எடுத்தேன். ஒரே வயித்துல பிறந்ததுங்கதானே, ஒரே ரத்தம்தானேன்னு நினைச்சேன்."

"அறிவிருக்கா உனக்கு?" என்று வெல்டர் பாய்ந்தார்.

"அவளை ஏன் திட்டுறீங்க? எனக்கு உபகாரம்னு நினைச்சுச் செஞ்சிருக்கா. நேத்தே நான் விளக்கிச் சொல்லியிருக்கணும்" என்றார் அக்கா. டப்பாவைக் கழிவறையில் கொட்டிவிட்டு, கையைக் கழுவி, டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார்.

"கொட்டினது சரி" என்றார் டாக்டரம்மா. "இன்னும் நாலஞ்சு நாள் அவகாசம் இருக்கு. ஆனா அவங்க கிளம்புறாங்களே?"

"நானும் கிளம்புறேன் டாக்டர்."

"சரி, போங்க. அந்த ஊர் சுகாதார நிலையத்துக்கு நான் சொல்லிடறேன். ஐஸ் குறைஞ்சா அங்கே மாத்திக்கங்க."

பஸ்ஸில் அவர்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தோம். அக்காவின் மடியில் ஐஸ்பெட்டி. என் மடியில் பெண் உட்காரும் பிளாஸ்டிக் சட்டி. அதை நான் தலைப்பால் மூடியிருந்தேன். கண்டக்டர் வந்து பெட்டியைத் தட்டினார்.

"மீனா? மீன் ஏத்தக் கூடாது."

"மீன் இல்லை தம்பி."

"ஐஸ்கிரீமா?"

"இப்போதைக்குக் காலி. திரும்பி வர்றப்ப சரக்கு இருக்கும். ஆனா நீங்க கேட்டாலும் தர மாட்டேன்."

முன்வரிசையில் பெண்ணின் அம்மா முதல்முறையாகச் சிரித்தாள். வெல்டர் திரும்பவில்லை. முதல் நிறுத்தத்தில் இறங்கி மனைவிக்கு மட்டும் டீ வாங்கி வந்தார். அடுத்த நிறுத்தத்தில் எங்களுக்கும் இரண்டு சேர்த்து வாங்கினார். அக்கா வழியெல்லாம் பெண்ணுக்குப் பப்பாளித் துண்டும் வெந்நீரும் கொடுத்துக்கொண்டே வந்தார்.

எலும்பு வைத்தியர் வயதானவர், நிதானமானவர். பெண்ணின் காலை இடுப்பிலிருந்து பாதம் வரை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"எலும்புல ஒண்ணும் இல்லைப்பா. இது என் கைக்கு அடங்கின விஷயம் இல்லை. இதை நான் உருவினா பாவம் எனக்கு."

வெல்டர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கா 'பார்த்தீங்களா' என்று ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. பெண்ணைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனார். சட்டியில் உட்கார வைத்து எதிரே தானும் குந்தினார்.

"வருதா கண்ணு?"

"வரலை."

"பரவாயில்லை. நான் இருக்கேன்."

"உங்க வீட்டுக்குப் போகலையா நீங்க?"

"உன்கிட்ட ஒரு சாமான் வாங்கணும். வாங்கிட்டுப் போறேன்."

"அதை வச்சு என்ன பண்ணுவீங்க?"

"பெரிய படிப்பு படிச்சவங்க கண்ணாடி வச்சுப் பார்ப்பாங்க."

"சீ" என்றாள் பெண்.

"சீதான். யார் இல்லைன்னா?"

அன்று வரவில்லை. வெல்டரின் அண்ணன் வீட்டு முன்னறையில் பாய் விரித்துக் கொடுத்தார்கள். அந்த ஊர் சுகாதார நிலையத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் புது ஐஸ் கொண்டுவந்து மாற்றிவிட்டுப் போனார். மறுநாள் காலை, கொல்லைப்புறத்திலிருந்து வீடே அதிரும்படி குரல் வந்தது.

"சொட்டக்கா, உங்க சாமான் வந்துடுச்சு."

அக்கா ஓடினார். புது டப்பாவில் எடுத்தார், மூடியைத் திருகினார், இன்னொரு முறை திருகிப் பார்த்தார், பையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். கையைக் கழுவிவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். பஸ் நிறுத்தத்துக்கு நடந்தபோது வெல்டர் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். "குடுங்கக்கா. நீங்க பாப்பாவைத் தூக்கிக்கங்க." அன்றைக்கே அவர்களும் எங்களோடு திரும்பினார்கள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

சில வாரம் கழித்து முடிவு வந்தது. இரண்டு டப்பாவிலும் போலியோ கிருமி இல்லை. நரம்பில் வந்த வேறு வீக்கம், மெதுவாகச் சரியாகும் என்றார் டாக்டரம்மா. செய்தி சொல்லப் போனபோது வெல்டர் கேட்டார், "அப்ப நீங்க அலைஞ்சதெல்லாம் வீணாப் போச்சேக்கா?"

"எப்படி வீண்? அன்னைக்குச் சின்னவனோடதை அனுப்பியிருந்தாலும் இல்லைன்னுதான் வந்திருக்கும். அந்த இல்லையை யார் நம்புறது? இது பாப்பாவோடது. இந்த இல்லைக்கு நான் வாயைத் திறந்து பதில் சொல்லலாம். எங்கேயோ ஒரு ஊர்ல அந்தக் கிருமி இன்னும் இருக்காம். இங்கே வர அதுக்கு டிக்கெட்டா எடுக்கணும்?"

இரண்டு மாதம் முடிந்ததும் டாக்டரம்மா மறுபடி வந்து பெண்ணை நடக்கவிட்டுப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதற்குப் பிறகு பிடிக்காமல் நடந்தாள்.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். வலது கால் இடது காலைவிடக் கொஞ்சம் மெலிவு, மாடி ஏறும்போது மட்டும் தெரியும். எங்கள் பகுதியில் இன்றுவரை போலியோ இல்லை. அடுத்த சொட்டு மருந்து நாளுக்குப் பெட்டிகளைக் கழுவிக் காய வைத்திருக்கிறோம். பின்தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் இன்னும் கதவைத் திறக்கவில்லை. அக்கா தினமும் போய்க்கொண்டிருக்கிறார்.