பார்னோவின் பாதி வேலி

மாடு வேலி தாண்டிவிட்டது என்றால் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள், மாட்டையா, வேலியையா? கென்யாவின் நந்தி மலைச்சரிவில் உள்ள கப்சிமோ ஊரார் மாட்டைத்தான் பார்த்தார்கள். ஜெமேலி ஒருத்தி வேலியைப் பார்த்தாள்.

எதையும் காதால் கேட்டதோடு விடுகிறவள் அல்ல அவள். ஓடைத் தண்ணீரில் சாபம் இறங்கிவிட்டதென்று ஊரே ஒதுங்கியபோது, கரையோரமாக மேலே ஏறிப்போய், அங்கே செத்துக் கிடந்த கழுதையை இழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். புருஷனுக்கு மொம்பாசா துறைமுகத்தில் வேலை. நிலமும் பிள்ளைகளும் ஒரே ஒரு செவலைப் பசுவும் அவள் பொறுப்பு. அதன் பாலில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள்.

அந்தச் செவலை அடிக்கடி பக்கத்து நிலத்துக்காரர் பார்னோவின் மக்காச்சோளத்தில் போய் நின்றது. ஓடவிடாமல் தடுக்க அதன் கழுத்தில் தொங்கும் தொண்டுக்கட்டை கட்டச் சொன்னார்கள், கட்டினாள். கட்டை இடித்து இடித்து முழங்கால் புண்ணானது, பால் குறைந்தது. பசு மட்டும் போகிற இடத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. கடைசியில் பெரியவர்கள் மரத்தடியில் கூடி, அதைக் கசாப்புக்குக் கொடுத்துவிடச் சொன்னார்கள்.

எல்லை வேலியில் ஓடைப்பக்கத்துப் பாதி ஜெமேலியின் பொறுப்பு, மேட்டுப் பாதி பார்னோவின் பொறுப்பு. பசு ஒருபோதும் அவள் பாதியைத் தாண்டவில்லை என்றும், மேட்டில் தூண்களைக் கறையான் தின்றுவிட்டது என்றும் அவள் சொன்னாள். ஒருவரும் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. பார்னோவிடம் லாரி இருந்தது. ஊர் மூட்டையெல்லாம் அதில்தான் சந்தைக்குப் போனது. லாரிக்காரரின் வேலியில் பழுது இருக்குமா என்ன?

"உன் மாட்டுக்குக் குணம் சரியில்ல ஜெமேலி. என் மாடுங்க வேலிப்பக்கம் தலவெச்சுக்கூடப் படுக்காது" என்றார் பார்னோ.

"அப்படியா மாமா? அந்த ஒழுக்கமான மாட்டுல ஒண்ண நாளைக்கு என் புல்லுல விடுங்க. என் திருடி உங்க வீட்டுப் பட்டியில நிக்கட்டும். உங்க மாடு தாண்டலேன்னா, என் பசுவ நானே கசாப்புக்கு ஓட்டிட்டுப் போறேன்."

எல்லோரும் சிரித்துவிட்டதால் பார்னோவால் மறுக்க முடியவில்லை.

மறுநாள் அவருடைய கறுப்பு வெள்ளைச் சீமைப்பசு வந்தது. வேடிக்கை பார்க்க ஊரும் வந்தது. காலை முழுக்க அது பரம சாதுவாக மேய்ந்தது. வெயில் ஏறியதும் அதற்குக் கழுத்து அரித்தது. மேட்டுப் பக்கம் போய் ஒரு தூணில் தேய்த்தது. தூண் சாய்ந்தது. இத்தனை நாளும் தூண் கம்பியைத் தாங்கியிருக்கவில்லை, கம்பிதான் தூணைப் பிடித்து நிறுத்தியிருந்தது. தொய்ந்து கிடந்த கம்பியைச் சீமைப்பசு சற்றே மோந்து பார்த்துவிட்டு, கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவைத்து எஜமானரின் மக்காச்சோளத்துக்குள் நடந்தது. செவலையோ, தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று பார்னோ இறுகக் கட்டியிருந்த பட்டிக்குள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

கசாப்புக்குத் தீர்ப்புச் சொன்ன பெரியவர் செரோனோ கேட்டார்: "இப்பக் கட்டைய எங்க கட்டுறது பார்னோ? மாட்டுக்கா, உனக்கா?"

பார்னோவே சிரித்துவிட்டார். அந்த வாரமே அவர் லாரியில் புதுத் தூண்கள் வந்து இறங்கின. ஜெமேலியும் கடப்பாரையோடு போய்க் குழி தோண்டினாள். செவலை இப்போது நிறையக் கறக்கிறது. முழங்கால் புண் ஆறத்தான் நாளானது. அதற்காக யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

ஆகையால் நாளைக் காலையில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பங்கு வேலியில் ஒவ்வொரு தூணையும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆடுகிறதை மாற்றுங்கள். பக்கத்து வீட்டு மாட்டின் குணத்தைப் பற்றி அப்புறம் பேசுங்கள்.