முறை கெடாமல் செத்த பாக்கியலட்சுமி

உங்கள் மனைவி ரத்தம் வடிந்து சாகக் கிடந்தால் கையை நீட்டுவீர்களா, முறை பார்ப்பீர்களா?

சிரிக்காதீர்கள். இது நம் ஊர் காஜா பெராங்கில் நடந்தது.

பாக்கியலட்சுமி ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அத்தை மகன் சேதுராமனைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தாள். அவன் ஜாலான் பெண்டஹாராத் தெருவில் துணிக்கடைச் சிப்பந்தி. அவள் வீட்டில் ரவிக்கை தைத்தாள். மீன்காரனிடம் மலாயில் சண்டை போட்டு விலையைக் குறைப்பாள். பக்கத்து வீட்டுப் பீவிக்கும் சேர்த்துத்தான் அந்தச் சண்டை. மெர்டேக்கா சுதந்திர நாளன்று நிறைமாத வயிற்றோடு பாடாங் திடலுக்குப் போய்த் தொண்டை கட்டும்வரை கத்தினாள்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. மருத்துவமனையில் அவளுக்கேற்ற ரத்தம் தீர்ந்திருந்தது. கூட வந்தவர்களைச் சோதித்தார்கள். பீவியின் ரத்தம் சேரவில்லை. சேதுராமனுடையது சேர்ந்தது.

"வாங்கண்ணே, படுங்க. நேரமில்ல" என்றாள் தாதி.

சேதுராமன் நகரவில்லை. "என் ரத்தம் அவ உடம்புல ஓடுனா அவ எனக்குத் தங்கச்சி முறையாயிடுவா மிஸ்ஸி. அப்புறம் எப்படி லா குடும்பம் நடத்துறது?"

"மாமன் மகளக் கட்டுறப்ப ரத்தம் தெரியலையாக்கும்?" பீவி கத்தினாள். "ஊசிக்குப் பயம்னு சொல்லித் தொலைடா!"

"நீ சும்மா இரு பீவி" என்றாள் அவன் தாய் கமலவேணி. "ஆம்பள ரத்தம் போனா போனதுதான். திரும்ப ஊறுமா?"

ஊறும். கொடுத்த ரத்தத்தைச் சில வாரங்களில் உடம்பே ஈடுசெய்துவிடும். ரத்தம் ஏற்றினால் உறவு மாறாது. விடிய விடிய அலறுகிற நம் கோயில் ஒலிபெருக்கிக்கு இதைச் சொல்ல வாயில்லையா?

பீவி ஓடிப்போய்த் தன் கணவர் அலாவுதீனைக் கடையிலிருந்து இழுத்து வந்தாள். அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே நுழைந்தார். அதற்குள் பாக்கியலட்சுமியின் முகத்தைப் போர்வையால் மூடியிருந்தார்கள்.

கருமாதியில் ஒரு குறை வைக்கவில்லை. அடுத்த தையில் அவள் தங்கை ருக்மணியையே சேதுராமனுக்குக் கட்டிவைத்தார்கள். அதில் முறை கெடவில்லையாம்! நாமும் போய்ப் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்தோம்.

ருக்மணி இப்போது கர்ப்பமாக இருக்கிறாள்.

அவள் பிள்ளை பெறுவதற்குள் போங்கள். நாளைக் காலையே மருத்துவமனைக்குப் போய்ச் சட்டைக் கையைச் சுருட்டி, யாருக்கு என்று கேட்காமல் ரத்தம் கொடுங்கள்.